காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று தனியார் மருத்துவரிடம் கேட்கலாமா?

உங்கள் தந்தைக்குத் தனியார் மருத்துவமனையில் நுரையீரல் காசநோய் உறுதியாகியிருக்கிறது. தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருப்பதால், அரசுக்குத் தெரியாமலே சிகிச்சையை முடித்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இல்லை, இருந்தாலும் அது உங்கள் குடும்பத்துக்கு நல்லதல்ல. அறிவிக்கும் கடமை மருத்துவருக்கும், சளியைச் சோதித்த ஆய்வகத்துக்கும், மாத்திரை விற்கும் என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரர்களுக்கும் உரியது. 2012 மே மாதத்திலேயே காசநோய் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகிவிட்டது. 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிக்கை மருந்துக்கடைகளையும் உள்ளே கொண்டுவந்து, தவறுவோர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 271, 272. மருத்துவர் உங்களுக்காக இரங்கினாலும், இதில் அவர் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு சிற்றூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். உங்களுடைய அச்சத்தோடு என் முன்னால் வந்து நின்றவர்களை நன்றாக அறிவேன். அவர்களில் ஒருவர் பக்கத்து ஊர்த் தையற்காரர். அங்கேயே கடைகள் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பேருந்து ஏறி என்னிடம் வந்தார். மருந்துச்சீட்டைச் சிறிதாக மடித்துக் கையில் வைத்திருந்தார். காசநோய் மாத்திரைகள், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டோடு விற்கக்கூடிய எச்1 பட்டியலில் உள்ளவை. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை நான் திறந்ததும், "தம்பி, பேரை மட்டும் எழுதாதீங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்றார். வாடகை வீடு. மேலும், கையில் பணம் இருக்கும் அளவுக்கே அட்டை வாங்குவார் என்பதும் பேச்சில் தெரிந்தது. எனக்குக் கவலை தந்தது அதுதான். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால், ரிஃபாம்பிசின் போன்ற முதன்மை மருந்துகளுக்கே கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும்.

அவரை உட்கார வைத்து விளக்கினேன், பெயரை எழுதினேன், காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்திலும் பதிவு செய்தேன். அறிவிப்போருக்கு அரசு தரும் 500 ரூபாய்க்காகச் செய்தேன் என்று யாரேனும் பின்னூட்டத்தில் எழுதக்கூடும். மாதந்தோறும் என்னிடம் மருந்து வாங்கியிருக்கக்கூடிய ஒருவரை, இலவசமாக மருந்து கிடைக்கும் இடத்துக்கு அனுப்பினேன் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதன் பிறகு அவர் அஞ்சிய எதுவும் நடக்கவில்லை. காசநோய்ப் பிரிவிலிருந்து ஒரு சுகாதாரப் பார்வையாளர் முதலில் தொலைபேசியில் பேசினார். வீட்டுக்கு வர வேண்டாம் என்று இவர் கெஞ்சியதும், ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தையற்கடைக்கே வந்து, அளவு கொடுப்பவரைப் போல நின்று விவரம் கேட்டுக்கொண்டு போனார். சீருடையும் இல்லை, வாசலில் அறிவிப்புத் தாளும் இல்லை. கொரோனா காலத்தில் தகரம் அடித்துத் தெருவை மறித்ததைப் பார்த்தவர்களுக்கு எல்லா அறிவிப்பும் அப்படித்தான் முடியும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. காசநோயில் நடைமுறை முற்றிலும் வேறு. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதும், அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடுவதில்லை என்பதும், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வில் உறுதியாகி 1959, 1960ஆம் ஆண்டுகளிலேயே வெளியாயின. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்த சானடோரியங்கள் உலகம் முழுதும் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

பயன் அவர் எதிர்பாராத இடத்தில் வந்தது. வீட்டார் அனைவரையும் பரிசோதித்தபோது, புகை ஒத்துக்கொள்ளாத இருமல் என்று நெடுநாளாகச் சொல்லிவந்த அவர் மனைவிக்கும் நோய் இருந்தது. மூடிபோட்ட சிறு டப்பாவில் கொடுத்த சளியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகைதான் என்று முடிவு வந்தது. ஐந்து வயது நிரம்பாத பேத்திக்கு நோய் இல்லை. நோய் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பெயரை மறைத்திருந்தால் இந்த இருவரையும் யார் தேடிப் போயிருப்பார்கள்?

அரசு ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2024இன் தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் இலவச மாத்திரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நோயாளிகளைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு மருந்தை நிறுத்துவது மன்னிக்கத்தக்கதல்ல என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதந்தோறும் 1000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் வங்கிக் கணக்கில் சிறு பிழை இருந்தாலும் பணம் வந்து சேராமல் நோயாளி அலைய நேர்கிறது. இவற்றுக்காகப் பதிவு செய்யாமல் இருப்பதில் பொருளில்லை.

உங்கள் தந்தை இப்போதுள்ள தனியார் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடரலாம். பதிவு செய்வதால் அரசு மருத்துவமனைக்கு மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. நிக்ஷய் எண்ணை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மணப்பெண்ணும் அதே வீட்டில் அதே காற்றைச் சுவாசித்தவர்தான். ஆகவே வீட்டாரைப் பரிசோதனைக்கு அழைக்கும்போது, திருமண வேலைகளைக் காரணம் காட்டி அவரை மட்டும் விட்டுவிடாமல், முதல் ஆளாக அழைத்துச் செல்லுங்கள்.