நாகர்கோவிலில் எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்குச் சாதாரண ஃபைபர் இணைப்பு போதுமா, லீஸ்டு லைன் எடுக்க வேண்டுமா?

எட்டுப் பேர், கணக்கு எழுதும் வேலை, வாடிக்கையாளர்கள் வளைகுடா நாடுகளில், வடசேரியில் வாடகைக் கட்டடம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு லீஸ்டு லைன், அதாவது உங்களுக்கென்றே தனியாக ஒதுக்கித் தரும் இணைப்பு, வேண்டாம். இரண்டு சாதாரண ஃபைபர் இணைப்புகள் எடுங்கள். ஆனால் அவை இரண்டும் ஒரே மின்கம்பத்தின் வழியாக வரக்கூடாது. வேகம், விலை எல்லாவற்றையும்விட நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது இதுதான்.

நான் தக்கலையில் திருமண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை புகைப்படக்காரர்கள் படங்களை இணையத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே பதிவேற்ற வேகம் எனக்குச் சோற்றுப் பிரச்சினை. 100 ஜிபி கோப்புகளை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் இரண்டேகால் மணி நேரத்தில் முடியும். பதிவேற்றம் 20 மெகாபிட்டாகச் சுருங்கினால் பதினோரு மணி நேரம் ஆகும். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகம்தான். பதிவேற்றம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கணக்கு வேலைக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் வெளிநாட்டுக்காரரோடு காணொளியில் பேசும்போது உங்கள் முகம் உறைந்து நின்றால், அதற்கும் பதிவேற்றக் குறைவு காரணமாக இருக்கலாம்.

கண்ணாடி இழை வீட்டு வாசல்வரை வந்தாலும் அது உங்களுக்கு மட்டுமான இழை அல்ல. இங்கே பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையின் ஒளியைத் தெருமுனையில் ஒரு சிறு பெட்டி 32 அல்லது 64 பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. எல்லாருக்கும் சேர்த்துப் பதிவிறக்கம் விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், பதிவேற்றம் அதில் பாதி. பகலில் இது தாராளம். நெரிசல் பெரும்பாலும் இந்த இழையில் வருவதில்லை. உள்ளூர் ஆபரேட்டர் தனக்கு மேலுள்ள பெரிய நிறுவனத்திடமிருந்து வாங்கி வைத்திருக்கும் அலைவரிசை (பேண்ட்வித்) போதாதபோதுதான் வருகிறது. வேகச் சோதனைத் தளம் இதைக் காட்டாமல் போகலாம், ஏனென்றால் சோதனை செர்வர் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கக்கூடும். பக்கத்துக் கடையில் அதே இணைப்பு இருந்தால் இரவு எட்டு மணிக்குப் போய், ஒரு பெரிய கோப்பை உண்மையாகவே அனுப்பிப் பாருங்கள்.

இனி கம்பத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தென்னைக்கும் ரப்பருக்கும் இடையே சாலை நெடுக வீடுகள். கேபிள்காரர்களுக்கு இதைவிடத் தோதான நிலம் இல்லை. ஒரு கிலோமீட்டர் இழை இழுத்தால் எத்தனையோ வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். அதனால்தான் சிறிய ஊர்களிலும் ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் அந்த இழைகளில் பெரும்பகுதி மரத்தடியில் தொங்குகிறது. ஓலை மட்டை விழுந்தால் போயிற்று. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போனாலும் போயிற்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்குப் பல நாள் மின்சாரமே இல்லை, இணையத்தை யார் கேட்பது? மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்குக் காற்றுப் பயம் இல்லை, அதற்கு எமன் ஜேசிபி. நான்கு வழிச்சாலை வேலை நடந்த இடங்களில் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே ஒன்று கம்பத்தில் வருவதாகவும் மற்றொன்று மண்ணுக்கடியில் வருவதாகவும் அமைந்தால் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் அறுக்கும் காரணம் அபூர்வம். அது கிடைக்காவிட்டால் ஒன்று வெட்டூர்ணிமடம் பக்கமிருந்தும் மற்றது ஒழுகினசேரி பக்கமிருந்தும் வரட்டும். இரண்டு நிறுவனங்களின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே கேபிள் அண்ணன் முகவராக இருந்து, இரண்டு இழைகளையும் ஒரே கட்டாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அவரோடு நடந்துபோய் வழியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அவருடைய அறையில் மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் அப்போதே கேளுங்கள். உங்கள் மேசையில் யுபிஎஸ் இருந்து அவரிடம் இல்லாவிட்டால் ஒரு பயனும் இல்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் ஊர் இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும், மோடத்தின் அடாப்டர் வழியாகவும் வரும், மாடிக்கும் பின்கட்டடத்துக்கும் இழுத்த செம்பு லேன் கேபிள் வழியாகவும் வரும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக வேண்டுமானால் அங்கேயும் ஃபைபரையே இழுக்கச் சொல்லுங்கள்.

லீஸ்டு லைன் யாருக்கு? ஸ்கேன் படங்களை வெளியூர் மருத்துவருக்கு உடனுக்குடன் அனுப்பும் மையம், கால் சென்டர், சொந்த செர்வர் வைத்திருப்பவர்கள். அலைவரிசையை யாரோடும் பங்கிட வேண்டாம், பழுதானால் ஒப்பந்தப்படி ஓடி வருவார்கள். அந்த ஒப்பந்தத்தையும் கணக்குக்காரர் கண்ணோடு படியுங்கள். இணைப்பு 99.5 சதவீத நேரம் இயங்கும் என்றால் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நின்றுபோகலாம் என்று பொருள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள், அன்றைக்கு நீங்கள் இழந்த வேலைக்கு ஈடு கிடைக்காது. அந்த லைனும் கடைசி 200 மீட்டர் அதே கம்பத்தில்தான் வரக்கூடும்.

சில்லறை விஷயங்கள்: இணைப்பை நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண் கொடுத்து எடுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைந்து வேலை செய்வதென்றால் நிலையான ஐபி முகவரி (உங்கள் இணைப்புக்கு எப்போதும் மாறாத இணைய எண்) கேட்பார்கள். தனிக் கட்டணம் கொடுத்து ஓர் இணைப்புக்காவது வாங்கிவிடுங்கள். பொருத்திய அன்று ஒளி அளவை மீட்டரில் பார்த்து எழுதி வாங்குங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) அருகே இருந்தால் சுகம். மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது, எங்கோ வளைவோ மோசமான ஒட்டோ இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டு இணைப்புகளையும் ஏற்று, ஒன்று நின்றால் தானாக மற்றதற்கு மாறும் ரவுட்டர் கடையிலேயே கிடைக்கிறது. வாங்கி வைத்த பின் ஒரு வேலை நாளில், எட்டுப் பேரும் இருக்கும்போது, முதல் இணைப்பின் வயரைக் கையால் பிடுங்கிப் பாருங்கள்.