கைட்டோசான் படலத்தைச் சுற்றி வளையம் வரவில்லையா?

வளையம், அதாவது கிருமி வளராத வெற்று வட்டம், வரவில்லை என்பதை வைத்து உங்கள் படலம் கிருமியைக் கொல்லவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அம்மாவின் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணுக்காக, கடலூர் துறைமுகத்து இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் என்ற பொருளில் படலம் செய்து, அதை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைப் பரப்பிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். அந்தச் சோதனை காட்டுவது, மருந்து அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதைத்தான். கைட்டோசான் பெரிய மூலக்கூறு, படலத்தை விட்டு எளிதில் நகராது.

பிஎச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) காரணமாக இருக்கலாம். இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் முல்லர்-ஹிண்டன் அகாரின் பிஎச் சுமார் 7.3. கைட்டோசானின் நேர்மின்சுமை 6.5-க்கு மேல் பெரும்பாலும் போய்விடும். கிருமியின் மேலுறையைப் பிடிப்பதே அந்தச் சுமைதான். ஆறாத புண்ணும் பெரும்பாலும் 7-க்கு மேல்தான் இருக்கும், அதனால் இதை லேசாக விடாதீர்கள்.

முதலில் படலத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். அங்கே வளர்ச்சி இல்லையென்றால் தொடும் இடத்தில் வேலை செய்கிறது. அப்புறம் படலத்தின் மேலேயே கிருமித் திரவத்தை விட்டு, 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, கழுவி எடுத்து, அந்த நீரை நீர்க்கச் செய்து புதுத் தட்டில் வளர்த்து, காலனிகளை (கிருமித் திட்டுகளை) எண்ணுங்கள். ஒப்பிட, கைட்டோசான் இல்லாத வெறும் துணி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அசிட்டிக் அமிலத்தில் கரைத்திருந்தால் நடுநிலையாக்கி நன்றாகக் கழுவிவிடுங்கள். மிச்ச அமிலமே கிருமியைக் கொன்று ஏமாற்றிவிடும்.

எல்லாம் சரியாக வந்தாலும் அம்மாவின் காலில் வைத்துப் பார்க்காதீர்கள். சர்க்கரைப் புண்ணில் கிருமிகள் உயிர்ப்படலமாக, அதாவது வழவழப்பான உறைக்குள் கூட்டமாக, ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டில் சாவதுபோல அங்கே சாகாது. அவரை இந்த வாரமே ஜிப்மருக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள்.