கேளுங்கள், சொல்கிறேன்: நைலில் நான்கு இரவு

கேள்வி: எங்கள் இருவரையும் எகிப்துக்கு அனுப்ப மகன் பணம் கட்டிவிட்டான். லக்சரிலிருந்து அஸ்வான் வரை நான்கு இரவு கப்பல், வழியெல்லாம் பழைய கோயில்கள். எனக்கு வயது 62, முழங்கால் வலி. 'எல்லாம் கல்தானே, அதியமான்கோட்டை போதாதா?' என்கிறார் என் வீட்டுக்காரர். போகலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: போய்வாருங்கள். நான் போனது 65 வயதில், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு. கரையில் ஐந்தாறு கப்பல்களை ஒன்றையொன்று ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். நம் கப்பலிலிருந்து கரைக்குப் போக மற்றவற்றின் வரவேற்பறைகளைக் கடந்தாக வேண்டும். அந்த வாசல்களில்தான் காலை ஊன்றி வைக்க வேண்டும். வழியில் வரும் எட்ஃபு கோயிலுக்குப் போகக் குதிரை வண்டியில் ஏறி இறங்குவது பெரும்பாடு. கோம் ஓம்போ கோயில் ஆற்றங்கரையிலேயே இருப்பதால் சிரமமில்லை.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லக்சரில் கர்னாக் கோயிலின் 134 தூண்களுக்கு நடுவே வாய் பிளந்து நின்ற நான், எட்ஃபுவில் சலித்துவிட்டேன். பகைவரின் முடியைப் பிடித்து அடிக்கும் அதே அரசன், அதே பருந்துத் தலைக் கடவுள். அன்று எனக்குப் பிடித்தது எஸ்னா மதகுதான். தொட்டி போன்ற அறையில் கப்பலை நிறுத்தித் தண்ணீர் விட்டு உயர்த்துகிறார்கள். நைல் வடக்கே ஓடுகிறது, நாம் தெற்கே, ஆற்றை எதிர்த்துப் போகிறோம் அல்லவா? படகில் துரத்தி வந்த வியாபாரிகள் மேஜை விரிப்புகளைப் பையில் சுருட்டி மேல்தளத்துக்கே வீசினார்கள். ஒன்று என் மடியில் விழுந்தது. விலை படியாமல் திருப்பி எறிந்தேன், சரியாகப் பிடித்துக்கொண்டார்!

கோம் ஓம்போவில் எல்லோரும் முதலை மம்மிகளைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் அங்கிருக்கும் வட்டக் கிணற்றைப் பாருங்கள். நைலின் நீர்மட்டத்தை அளந்த கிணறு அது. வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணித்து வரி போட்டிருக்கிறார்கள். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைத் தேடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிலே கோயிலுக்கு மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் படகில்தான் போக வேண்டும். ஏறும்போது படகுக்காரர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். 1902இல் அஸ்வானில் கட்டிய அணையால், ஐசிஸ் என்ற பெண் தெய்வத்தின் இந்தக் கோயில் ஆண்டில் பல மாதங்கள் தண்ணீருக்குள் கிடந்தது. தூண்களுக்கிடையே படகு விட்டிருக்கிறார்கள். பிறகு பெரிய அணையும் வந்ததும், யுனெஸ்கோ உதவியோடு கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்திலுள்ள அகில்கியா தீவில் அடுக்கி, 1980இல் திறந்தார்கள். நீர் நின்ற கறை தூண்களில் இன்னும் கோடாகத் தெரிகிறது.

என் பாட்டியின் ஊர் 1934இல் மேட்டூர் அணைக்குள் போன ஊர்களில் ஒன்று. கோடையில் தண்ணீர் இறங்கினால் நாகமரையிலிருந்து பரிசலில் அக்கரைக்குப் போய், பண்ணவாடியில் சேற்றிலிருந்து எழும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியைக் கும்பிட்டு வருவார். அதைப் பெயர்த்து மேட்டில் வைக்க யாரும் வரவில்லை. பிலேயில் அந்தக் கறைக்கு எதிரே வெகுநேரம் நின்றேன். வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு போய்விட்டார்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அபு சிம்பெல் குகைக்கோயிலின் கருவறைக்குள் சூரிய ஒளி நுழைவது பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களில். அன்று கூட்டம் நெரியும். நெரிசலில் நிற்க ஆசையென்றால் ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் போங்கள், டிக்கெட் செலவாவது மிச்சம்.