கூலர் டிரம்ம மேஷ் டன்னா மாத்துறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் நுவரெலியாவுல ஒரு ஹொட்டல்ல பிளம்பிங் வேலை பார்க்கிறேன். எங்க அண்ணன் டொரொண்டோவுல இருக்காரு, வீட்டுலயே பியர் காய்ச்சுறதுல அவருக்கு ஒரு பைத்தியம். இப்ப ஜூஸ் ஊத்தி வைக்கிற பெரிய உருண்டை கூலர் ஒண்ணு வாங்கிட்டு, "நீதானேடா பிளம்பர், இதை மேஷ் டன்னா மாத்துறதுக்கு வழி சொல்லு, லீவுல வரும்போது பார்ட்ஸும் கொண்டு வா"ன்னு வட்ஸ்அப்புல உயிரை எடுக்கிறாரு. மேஷ் டன்னா என்னான்னே எனக்கு தெரியாது. கொஞ்சம் சொல்லுங்க.

பதில்: பயப்படாதீங்க தம்பி, உங்க வேலைக்கு இது சின்ன விசயம். பார்லியை முளைக்க வச்சு காய வச்சதுதான் மோல்ட், அதை ஒண்ணு ரெண்டா உடைச்சு 65ல இருந்து 68 பாகை (செல்சியஸ்) சூட்டுத் தண்ணியில ஒரு மணித்தியாலம் ஊற வைக்கணும், அப்ப மோல்ட்டுல இருக்கிற என்சைம் மாவுச்சத்தை சீனியா மாத்திரும், அந்த இனிப்புத் தண்ணிக்கு வோர்ட்னு பேரு. ஊற வைக்கிற பாத்திரம்தான் மேஷ் டன். அடுப்பு தேவையில்ல, சூடு இறங்காம இருந்தா போதும், கூலருக்கு அந்த ஒரு வேலைதான். ஐஸ் கரையாம வச்சிருக்கிற சுவர் சூட்டையும் வெளிய விடாது.

மாத்த வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு டெப், மத்தது உள்ளுக்குள்ள வடிகட்டி. கூலரோட வர்ற அமுக்குற பிளாஸ்டிக் டெப்பை கழட்டி வீசிடுங்க, புதுசா ஓட்டை போடாதீங்க, இருக்கிற ஓட்டையே போதும். அதுக்குள்ளால அரை இஞ்சி ஸ்டெயின்லஸ் நிப்பிள் (ரெண்டு பக்கமும் மரை போட்ட கட்டைக் குழாய்) ஒண்ணை விட்டு, உள்பக்கம் சிலிக்கன் வாஷர், வெளிப்பக்கமும் வாஷர் வச்சு இறுக்கி, வெளிய போல் வால்வ் மாட்டுங்க. கறுப்பு ரப்பர் வாஷர் வேணாம், சுடுதண்ணி பட்டா அந்த மணம் வோர்ட்டுல ஏறிரும். பித்தளை வால்வ் மலிவுதான், ஆனா சில பித்தளையில ஈயம் கலந்திருக்கும், குடிக்கிற சாமானுக்கு ஸ்டெயின்லஸே நல்லம். ரொம்ப இறுக்கிடாதீங்க, உள்சுவர் பிளாஸ்டிக், வெடிச்சா டிரம்மே போச்சு.

வடிகட்டிக்கு கடையில போய் சல்லி கொட்ட தேவையில்ல. பெசினுக்கு மாட்டுற கம்பி பின்னின பிளெக்சிபிள் ஹோஸ் உங்களுக்கு பழகின சாமான்தானே, ரெண்டு முனையையும் ஹெக்ஸோ பிளேட்டால வெட்டி, பின்னலை ரெண்டு பக்கத்துல இருந்தும் நடுவுக்கு தள்ளினா அது லூசாகும், உள்ள இருக்கிற ரப்பர் டியூபை இழுத்து எடுத்துட்டு வெறும் பின்னலை மட்டும் வச்சுக்கங்க. ஒரு முனையை மடிச்சு அடைச்சு, மத்த முனையை ஹோஸ் கிளிப் போட்டு நிப்பிள்ல மாட்டி, டிரம்முக்கு உள்ள அடிப்பக்கத்துல வளைச்சு விடுங்க. மோல்ட் பாரத்துல பின்னல் நசுங்காம இருக்க உள்ளுக்குள்ள செப்புக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுத்தி வைக்கலாம். ஒண்ணு கவனிங்க, இப்ப வர்ற சில ஹோஸ்ல பின்னல் பார்க்க வெள்ளியா மின்னும், ஆனா உண்மையில பிளாஸ்டிக். லைட்டரை காட்டிப் பார்த்தா உருகுதா இல்லையான்னு விளங்கும்.

பார்ட்ஸ் கொண்டு போற கதையை விட்டுருங்க. இங்க நம்ம பாவிக்கிற மரையும் கனடாவுல பாவிக்கிற மரையும் வேற. அரை இஞ்சியில ரெண்டுக்கும் இஞ்சிக்கு 14 மரைதான், அதனால முதல்ல ரெண்டு சுத்து ஏறும், ஆனா மரையோட கோணம் வித்தியாசம், இங்க 55 பாகை அங்க 60, கடைசியில எத்தனை டேப் சுத்தினாலும் கசியத்தான் செய்யும். எல்லாத்தையும் அங்கேயே ஒரே கடையில வாங்க சொல்லுங்க.

கேள்வி: அதே அண்ணன்தான் திரும்பவும். 67 பாகையில தண்ணி ஊத்தினாராம், மோல்ட்டை போட்டு கலக்கினதும் 60க்கு இறங்கிட்டாம். கூலர் சரியில்லையா?

பதில்: கூலர் மேல பழி போடாதீங்க. மோல்ட்டும் டிரம்மும் குளிரா இருந்தா ரெண்டும் சூட்டை குடிக்கத்தானே செய்யும். பிளாஸ்க்குல தேத்தண்ணி ஊத்துறதுக்கு முந்தி அம்மா சுடுதண்ணி விட்டு அலசுவாங்களே, அதே வேலையை டிரம்முக்கும் செய்யணும், சுடுதண்ணி ஊத்தி மூடி பத்து நிமிசம் வச்சு, பிறகு கொட்டிட்டு தொடங்கணும். கொதிக்க கொதிக்க ஊத்த வேணாம், சில கூலரோட உள்சுவர் வளைஞ்சிரும், 80க்கு கிட்ட இருந்தா போதும்.

அடுத்தது கணக்கு. 5 கிலோ மோல்ட்டுக்கு 15 லீட்டர் தண்ணின்னா ஒரு கிலோவுக்கு 3 லீட்டர். 0.41ஐ அந்த 3ஆல பிரிச்சு, வேணும்ங்கிற சூட்டுக்கும் மோல்ட்டோட சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்கி, வேணும்ங்கிற சூட்டோட கூட்டுங்க. மோல்ட் 20 பாகை, வேணும்ங்கிறது 67ன்னா, தண்ணி 73.4ல இருக்கணும். பனிக்காலத்துல கராஜ்ல வச்ச மோல்ட் 5 பாகைக்கு இறங்கியிருந்தா தண்ணி 75.5. இறங்கினா ஊத்திக்கிறதுக்கு பக்கத்துல கொஞ்சம் கொதிதண்ணியும், ஏறினா சமாளிக்க பச்சைத் தண்ணியும் இருக்கட்டும்.

63, 64ல ஊற வச்சா ஈஸ்ட்டு (வோர்ட்டை புளிக்க வச்சு பியரா மாத்துறது) சாப்பிடக்கூடிய சீனி கூட வரும், பியர் இனிப்பில்லாம இலேசா இருக்கும், 69 பக்கம் போனா கொஞ்சம் கெட்டியா வரும், அது அவரவர் நாக்கைப் பொறுத்தது. மாவு எல்லாம் சீனியாச்சான்னு பார்க்க ஒரு சொட்டு வோர்ட்டை வெள்ளைத் தட்டுல விட்டு அயடின் ஒரு சொட்டு விடுங்க, கருநீலமானா இன்னும் மாவு இருக்கு. அந்தச் சொட்டை திரும்ப டிரம்முல ஊத்திடாதீங்க.

டிரம் சைஸும் முக்கியம். 5 கிலோ மோல்ட்டும் 15 லீட்டர் தண்ணியும் சேர்ந்து 18 லீட்டருக்கு மேல இடம் பிடிக்கும், 19 லீட்டர் டிரம்முல கலக்கவே இடம் இருக்காது, 38 லீட்டர் வசதி. ஆனா அதுல ரெண்டு கிலோ மட்டும் போட்டா மேல காத்து நிறைய நின்னு சூடு சீக்கிரம் இறங்கும். மூடி உள்ளுக்கு வெறுமையா இருந்தா மேல ஒரு தடிப்பான போர்வையை போட்டு மூடினா போதும்.

கேள்வி: வோர்ட் வடியவே மாட்டேங்குது, வால்வை முழுசா திறந்தும் சொட்டு சொட்டா வருதுன்னா என்ன செய்றது? (பண்டாரவளை வாசகர், மகன் லண்டன்ல)

பதில்: முழுசா திறந்ததாலதான் அடைச்சிருக்கு. வேகமா இழுத்தா மோல்ட் எல்லாம் அடியில இறுகிப் போய் உட்கார்ந்திரும். கால்வாசி திறந்து, முதல்ல வர்ற ரெண்டு மூணு லீட்டர் கலங்கலா இருக்கும், அதை மெதுவா திரும்ப மேலால ஊத்துங்க, தெளிஞ்சு வந்த பிறகு வேற பாத்திரத்துல பிடிங்க. ஏற்கனவே அடைச்சிருந்தா வால்வை மூடி, கொஞ்சம் சுடுதண்ணி விட்டு கிளறி, பத்து நிமிசம் விட்டுட்டு திரும்ப திறங்க. மோல்ட்டை மாவா அரைச்சாலும் இந்தக் கதைதான், உமி முழுசா நிக்கணும், மணி மட்டும் உடையணும். கோதுமை கூட சேர்த்தா அதுல உமியே இல்ல, அதுக்குன்னு அங்க நெல் உமியை பாக்கெட்டுல போட்டு விக்கிறாங்க, நம்ம ஊர் மில்லுக்கு பின்னால மலையா கிடக்கிற அதே உமிதான்!

5 கிலோ மோல்ட் 5 லீட்டர் தண்ணியை தனக்குள்ள பிடிச்சு வச்சிக்கும், 15 ஊத்தினா 10தான் வரும், களவு போயிட்டுன்னு நினைக்காதீங்க. மிச்ச சீனியை கழுவி எடுக்கிற தண்ணி 77 பாகைக்கு மேல போகக்கூடாது, போனா உமியில இருந்து கசப்பும் துவர்ப்பும் இறங்கும்.

கேள்வி: புது தெர்மோமீட்டரை கொதிதண்ணியில வச்சா 94தான் காட்டுது. பழுதா? (நுவரெலியா)

பதில்: இல்ல, நல்ல சாமான். உங்க ஊர் கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம், அங்க தண்ணி 94 கிட்டதான் கொதிக்கும், ஹட்டன்ல 96. பருப்பு வேக நேரம் போறதும் அதாலதான்.

கேள்வி: இதை நம்ம லயத்து வீட்டுலயே செய்யலாமா? (மஸ்கெலியா)

பதில்: பியர் வரைக்கும் போனா, கூடாது. கனடாவுலயும் இங்கிலாந்துலயும் வீட்டுல சொந்தக் குடிக்கு காய்ச்ச சட்டம் விடுது, விக்கத்தான் முடியாது. இங்க 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் இன்னும் இருக்கு, லைசன்ஸ் இல்லாம ஒரு போத்தல் காய்ச்சினாலும் குத்தம்தான், கசிப்புக்கு (கள்ளச் சாராயத்துக்கு) ரெய்டு வர்றவங்ககிட்ட "இது மோல்ட், சேர்"னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க ஏலாது. நுவரெலியாவுல வெள்ளைக்காரன் காலத்துலயே பியர் காய்ச்சினாங்கதான், அது கம்பெனிக்காரன் செஞ்சது.

கூலர் கையில இருந்தா தயிருக்கு பாவிங்க. நம்ம குளிருக்கு ராத்திரி உறை ஊத்தினா காலையிலயும் பாலாத்தான் கிடக்கும். பாலை காய்ச்சி 43 பாகைக்கு ஆற விட்டு உறை கலந்து, சட்டியோட கூலருக்குள்ள வச்சு, பக்கத்துல ரெண்டு போத்தல்ல சுடுதண்ணி நிரப்பி வச்சு மூடிருங்க. ஆறு மணித்தியாலத்துக்கு திறந்து திறந்து பார்க்கக்கூடாது.