ரங்கநாதன் தெருவில் மன அழுத்தத்தை அளப்பது எப்படி? கேள்வி பதில்

ரங்கநாதன் தெருவில் நடக்கும் பெண்களின் மன அழுத்தத்தை ஆய்வுக்காக அளக்கப் போகிறோம். கையில் கட்டும் சென்சார் மட்டும் போதுமா மேடம்?

போதாதும்மா. தோலின் மின்கடத்தல் கூடினால் வியர்வைச் சுரப்பி தூண்டப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பயமா, எரிச்சலா, தள்ளுபடிப் பலகையைப் பார்த்த குஷியா என்பதை அது சொல்லாது. நடை முடிந்த கையோடு, ஏற்றம் தெரிந்த இடங்களை வரைபடத்தில் காட்டி "இங்கே என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

சென்னையில் சும்மா நின்றாலே வியர்க்கிறதே?

ஆய்வு கவிழ்வதே இங்கேதான். வெயிலிலும் நடையிலும் மெதுவாக ஏறும் அடிமட்ட அளவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஏதாவது நடந்த 1 முதல் 4 விநாடிக்குள் எழும் குறுகிய முகடுகளை மட்டும் எண்ணுங்கள்; 0.05 மைக்ரோசீமென்ஸுக்குக் (மின்கடத்தலின் அலகு) கீழே இருப்பதைத் தள்ளிவிடலாம். ஏசி அறையிலிருந்து நேரே தெருவுக்கு அழைத்துப் போகாமல், வெளியே நிழலில் பத்து நிமிடம் நிற்கவைத்து அளவெடுங்கள். மணிக்கட்டைவிட விரலில் சிக்னல் தெளிவு. ஆனால் அந்தக் கையில் பை தூக்கினால் எல்லாம் போச்சு.

ஒப்பிட இன்னொரு பாதை கட்டாயம் வேண்டும்: அதே நேரம், அதே தூரம், அதே வெயில், கூட்டம் மட்டும் குறைவு. பாதிப் பேர் நெரிசல் தெருவில் முதலில் நடக்கட்டும், மீதிப் பேர் அமைதியான தெருவில்; பிறகு தெரு மாறட்டும். இல்லையென்றால் களைப்பையும் அழுத்தம் என்று எழுதிவிடுவீர்கள்.

எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கலாமா என்று எங்கள் ஆய்வு கைடு கேட்கிறார் மேடம்.

அது உச்சம் தொடவே 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் ஆள் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலே ஏறியிருப்பார். எந்த இடத்தால் கூடியது என்று பிரிக்க முடியாது.

பத்துக் கேள்வி கொண்ட மன அழுத்த அளவுகோல்?

அது கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. தெருவுக்கு, நின்ற இடத்திலேயே சத்தம், நெரிசல், பயம் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 10 வரை மதிப்பெண் போதும்.

ஜிபிஎஸ் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறது!

உயரமான கட்டடங்களுக்கு நடுவே அப்படித்தான். ஸ்டேஷன் பக்க முனை, உஸ்மான் ரோடு முனை என நிலையான புள்ளிகளைக் கடக்கும்போது பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். போன் கடிகாரத்தையும் சென்சார் கடிகாரத்தையும் முன்பே ஒத்துப்பாருங்கள். பத்து விநாடி பிசகினால் முகடு வேறு கடை வாசலில் விழும்.

பெண்களுடன் நாங்களும் கூடவே நடக்கலாமா?

துணை இருந்தாலே பயம் குறைந்துவிடும், அளவும் மாறும். பத்தடி பின்னால், பெண் ஆய்வாளரே வரட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வரைபடத்தை வெளியிடும்போது அவர்கள் வீட்டுப் பக்கத்துப் பாதையை வெட்டிவிடுங்கள்.