மொந்தேய்ன் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்றால்

வணக்கம். பிரெஞ்சுக் கட்டுரைகளையும் நாடகங்களையும் காலவரிசைப்படி மூலத்திலேயே படிக்கத் தொடங்கி, பதினாறாம் நூற்றாண்டுக் கட்டுரையாளர் மொந்தேய்னின் பத்தாம் பக்கத்திலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். காலவரிசையை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. மொந்தேய்னின் எழுத்துக்கூட்டல் இன்றைய அகராதிக்கு அகப்படாது. அதோடு, 1580இல் வெளிவந்த நூலில் 1588இலும், பின்னர் 1592இல் இறக்கும்வரையிலும் அவர் சேர்த்துக்கொண்டே போனதால், ஒரே பத்தியில் மூன்று வயதுகளின் குரல்கள் கலந்து கிடக்கின்றன. அவ்வடுக்குகளை ஏ, பி, சி எனக் குறித்துக்காட்டும் பதிப்பொன்றை வாங்கிக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் இருபதாம் நூற்றாண்டு நாடகாசிரியர் இயொனெஸ்கோவின் ‘வழுக்கைத்தலைப் பாடகி’ (1950). ஆங்கிலம் கற்பிக்கும் பாடநூலின் வாக்கியங்களிலிருந்து பிறந்த நாடகம் என்பதால் கற்பவருக்கு அதில் சிக்கலே இராது. அடுத்து, நகைச்சுவை நாடகாசிரியர் மோலியேர் உரைநடையில் எழுதிய ‘கஞ்சன்’ (1668).

செய்யுளில் துன்பியல் நாடகங்கள் எழுதிய பதினேழாம் நூற்றாண்டு ரசீனுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அடிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதில் ஒரு நிறுத்தம் என்ற அவருடைய செய்யுள் அளவை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். சொற்களும் ஏமாற்றும்: இன்று சலிப்பைக் குறிக்கும் ‘ஆன்னுயி’ அவரிடம் தாங்கொணாத் துயரம். அந்த அளவு காதில் பதிந்த பிறகு விக்டர் யூகோவின் ‘எர்னானி’ நாடகத்தைத் திறந்தால், ‘படிக்கட்டு’ முதலடியின் இறுதியிலும் அதற்குரிய ‘இரகசிய’ என்ற அடைமொழி அடுத்த அடியின் தொடக்கத்திலும், சொற்றொடர் அடியோடு முடிய வேண்டும் என்ற மரபை மீறிப் பிரிந்து விழுவதைக் கேட்டு, 1830இல் பாரிஸ் அரங்கில் பழமைவாதிகள் ஏன் கூச்சலிட்டார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.