வாசகர் கேள்வி-பதில்: பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம், பத்தொன்பதில் ஓய்வு

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சிவப்பு உடையணிந்து பனித்தளத்தில் ஆடிய ரஷ்யச் சிறுமியின் காணொளியை என் மகள் அண்மையில் காட்டினாள். கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால், அதற்கடுத்த ஒலிம்பிக்கில் அவர் பெயரையே காணோம். அவருக்கு என்ன ஆயிற்று?

பதில்: அவர் யூலியா லிப்னித்ஸ்காயா; பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டின் வீராங்கனை. 1998 ஜூன் 5 அன்று யெகதெரின்பர்க் நகரில் பிறந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்து, நான்கு வயதில் பனியில் கால் வைத்தவர். 2009-இல் தாயும் மகளும் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, எதேரி துத்பெரிட்ஸே என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்தனர். 2012-இல் மின்ஸ்க் நகரில் உலக ஜூனியர் பட்டமும், 2014 ஜனவரியில் புடாபெஸ்ட்டில் ஐரோப்பியப் பட்டமும் வென்ற கையோடு அவர் சோச்சிக்கு வந்தார். ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால் முந்தைய ஆண்டு ஜூலை 1-க்கு முன் பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஒரு மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் அவர் அந்த வரம்பைக் கடந்திருந்தார்.

இந்த விளையாட்டில் குறும் ஆட்டம், நீண்ட ஆட்டம் என இரண்டு சுற்றுகள் உண்டு. தாங்கள் பார்த்தது, நாடுகள் குழுவாக மோதும் குழுப் போட்டியில் அவர் ஆடிய நீண்ட ஆட்டமாக இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ திரைப்படத்தில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பாகத் தெரியும். அந்தப் படத்தின் இசைக்கு, அந்தச் சிறுமியாகவே தம்மை நிறுத்திக்கொண்டு லிப்னித்ஸ்காயா ஆடினார். ஆட்டத்தில் ஒரு சுழற்சி வரும். ஒற்றைக் காலின் மேல் சுழன்றபடியே, மற்றொரு காலைக் கைகளால் பற்றித் தலைக்கு மேலே நேர்க்கோடாக உயர்த்துவார். வேகம் கூடக்கூட முகமும் கையும் காலும் தனித்தனியாகத் தெரியாமல், ஒரே செந்நிறக் கோடுதான் கண்ணுக்குத் தெரியும். குறும் ஆட்டத்தில் 72.90, நீண்ட ஆட்டத்தில் 141.51 எனப் பெண்கள் பிரிவின் இரண்டு சுற்றுகளிலும் முதலிடம் அவருக்கே. ரஷ்யக் குழு தங்கம் வென்றது.

பத்து நாள் கழித்து நடந்த தனிநபர் போட்டியில் இரண்டு ஆட்டங்களிலும் ஒவ்வொரு முறை விழுந்து, ஐந்தாம் இடம் பெற்றார். பதினைந்து வயதில் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் என்பது எந்த நாட்டிலும் கொண்டாடத் தக்க செய்தி. முந்தைய வாரத்துப் புகழ் அளவுக்கு மீறி இருந்ததால், அது ஏமாற்றமாகப் பேசப்பட்டது. அடுத்த மாதம் ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானிய வீராங்கனை மாவோ அசாதாவுக்கு அடுத்து வெள்ளி வென்றார்.

அதன் பின் நடந்ததைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அவர் வளர்ந்தார், அவ்வளவுதான் நடந்தது. உயரம் கூடியது, உடலமைப்பு மாறியது, முன்பு எளிதில் வந்த தாவல்கள் கைவிட்டுப் போயின. 2014 டிசம்பரில் நடந்த தேசியப் போட்டியில் ஒன்பதாம் இடம்தான் கிடைத்தது. ஐரோப்பிய, உலகப் போட்டிகளுக்கு அவர் தேர்வாகவில்லை. 2015 நவம்பரில் பயிற்சியாளரை விட்டு விலகி, 1994-இன் ஒலிம்பிக் சாம்பியன் அலெக்சி உர்மானோவிடம் சேர்ந்தார். 2016 நவம்பரில், ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கும் கிராண்ட் பிரீ தொடரின் மாஸ்கோ போட்டியில், ஆட்டத்தின் நடுவிலேயே நிற்க நேர்ந்து, பின் தொடர்ந்து முடித்து, கடைசி இடம் பெற்றார். அதுவே அவரது கடைசிப் போட்டி. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியா நோய்க்கு மூன்று மாதம் சிகிச்சை பெற்றுத் திரும்பியபின் அவர் ஓய்வு பெற்றுவிட்டதாக, 2017 ஆகஸ்டில் அவருடைய தாய் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நோயை ஒளிக்காமல் அவரே வெளிப்படையாகப் பேசியதும், பின்னர் சோச்சியில் தம்மோடு குழுத் தங்கம் வென்ற எலெனா இலினிக்குடன் சேர்ந்து சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தியதும், அவர் வாங்கிய எந்தப் பதக்கத்துக்கும் குறையாத செயல்கள் என்று கருதுகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): மற்ற விளையாட்டுகளில் இருபது வயதுக்கு மேல்தான் வலிமை முழுமையடைகிறது. இதில் மட்டும் பதினைந்து வயதுச் சிறுமிகள் பெரியவர்களை முந்துவது எப்படி?

பதில்: தாவலில் வீரர் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்குள் மூன்று முறையோ நான்கு முறையோ முழுதாகச் சுழன்று, ஒற்றைக் காலில், பின்நோக்கி, காலணியின் அடியிலுள்ள கத்தியின் வெளி விளிம்பில் இறங்கவேண்டும். தரையிலிருந்து கிளம்பும்போது பெற்ற சுழல்விசையைக் காற்றில் கூட்ட வழியில்லை. கைகளை மார்போடு ஒடுக்கி, கால்களைப் பின்னி, உடலை அச்சுக்கு நெருக்கமாகக் குறுக்கினால் சுழலும் வேகம் மட்டும் கூடும். இடுப்பும் தோளும் குறுகிய உடல் இயல்பாகவே வேகமாகச் சுழலும். இதனால்தான் பூப்படையும் பருவத்துக்கு முந்தைய உடல், வலிமையில் குறைந்திருந்தும், இந்த ஒரு கணக்கில் முன்னிற்கிறது. ஆண்களுக்கு அந்தப் பருவம் தசை வலிமையைச் சேர்த்துத் தருவதால், அவர்களுடைய தாவல்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியே உச்சம் அடைகின்றன.

இதற்கு மதிப்பெண் முறையும் துணை நின்றது. 2004 முதல் நடைமுறைக்கு வந்த முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. ஆட்டத்தின் பின்பாதியில் தாவினால் பத்து விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 2018-இல் பியோங்சாங்கில் அலினா ஸகிதோவா என்னும் பதினைந்து வயது ரஷ்ய வீராங்கனை தம் தாவல்கள் அனைத்தையும் பின்பாதியிலேயே வைத்து, தம்மைவிட மூத்தவரும் இருமுறை உலகச் சாம்பியனுமான எவ்கேனியா மெத்வதேவாவை 1.31 புள்ளியில் வென்றார். அதன் பிறகு, நீண்ட ஆட்டத்தில் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டுமே கூடுதல் மதிப்பு என்று விதி மாறியது. சில ஆண்டுகளிலேயே நான்கு சுற்றுத் தாவல்கள் பெண்கள் பிரிவிலும் வந்துவிட்டன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நீண்ட ஆட்டத்தில் அலெக்சாண்ட்ரா துருசோவா அவற்றில் ஐந்தை முயன்றார்.

ஆனாலும் வளர்ந்த பெண்களால் முடியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சோச்சியில் வெண்கலம் வென்ற இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னருக்கு அப்போது வயது இருபத்தேழு. முப்பத்தொன்றாவது வயதில் பியோங்சாங்கில் மீண்டும் ஆடி ஐந்தாம் இடம் பெற்றார். வளர்ந்து முடிந்த உடலுக்கு ஏற்றவாறு, வலிமையையும் சறுக்கும் திறனையும் அடித்தளமாகக் கொண்டு தாவக் கற்றவர்கள் நீண்ட காலம் நிலைக்கிறார்கள். பதின்மூன்று வயது உடலுக்கென்றே அமைத்த தாவல் முறை, அந்த உடல் போனதும் தானும் போய்விடுகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): வயது வரம்பை உயர்த்திவிட்டார்கள் என்கிறார்களே, திறமை உள்ள பிள்ளையைக் காக்க வைப்பது நியாயமா?

பதில்: நியாயம் என்றே சொல்வேன், அதனால் இழந்தவர்கள் உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன். 2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் உலகச் சாம்பியன் இரினா ஸ்லுத்ஸ்காயாவையே தோற்கடித்த மாவோ அசாதா, பிறந்த தேதி மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போனதால், இரண்டு மாதம் கழித்து நடந்த டூரின் ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை. ஆனால், அவர் இருபத்து மூன்றாவது வயதிலும் உலகப் பட்டம் வென்றார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றத்துக்கு உடனடி உந்துதலாக அமைந்தது பெய்ஜிங் ஒலிம்பிக். பதினைந்து வயதான ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவிடம் 2021 டிசம்பர் 25 அன்று ஊக்கமருந்துச் சோதனைக்காக எடுத்த மாதிரியில் டிரைமெட்டாஸிடின் என்னும் தடை செய்யப்பட்ட இதய மருந்து இருந்தது, ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது வெளியானது. விசாரணை நிலுவையில் இருக்க, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சிறுமி பனியில் மீண்டும் மீண்டும் விழுந்து நான்காம் இடத்துக்கு இறங்கினார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. அந்த வயதுப் பிள்ளைக்கு மருந்தும் உணவும் பயிற்சியும் பெரியவர்கள் கையில்தான் இருக்கும். ஆனால், தண்டனை அவர் பெயரில் எழுதப்பட்டது. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், 100-க்கு 16 என்ற வாக்குகளில், சீனியர் போட்டிக்கான வயதை முதலில் பதினாறாகவும், 2024-25 பருவம் முதல் பதினேழாகவும் உயர்த்தியது. இவ்விதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது; ஜூனியர் பயிற்சிக் கூடங்களில் நடப்பதை அது தொடுவதில்லை.

கேள்வி (சேலம் வாசகி): இந்த விளையாட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து வென்றது உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் அலிசா லியூ, 2019-இல் பதின்மூன்றாவது வயதில் அந்நாட்டின் தேசியப் பட்டத்தை வென்றார். அதுவரை அவ்வளவு இளவயதில் யாரும் வென்றதில்லை. பெய்ஜிங்கில் ஆறாம் இடமும், அதே பருவத்தில் மான்ட்பெல்லியே உலகப் போட்டியில் வெண்கலமும் பெற்ற பின், பதினாறு வயதில் ஓய்வை அறிவித்தார். குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஊர் சுற்றினார், கல்லூரியில் சேர்ந்தார். பனிமலையில் ஸ்கீ சறுக்கச் சென்ற பயணம் ஒன்று பழைய ஆசையைக் கிளப்ப, 2024-இல் திரும்பினார். இம்முறை இசையிலும் உடையிலும் ஆட்ட அமைப்பிலும் தம் விருப்பமே முன்னிற்கும், தாம் என்ன உண்பது என்று எவரும் சொல்லக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் பத்தொன்பது வயதில் உலகச் சாம்பியன் ஆனார். 2006-க்குப் பிறகு அமெரிக்கப் பெண் எவரும் அப்பட்டத்தை வென்றிருக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது அவரைப் பிரபலமாக்கிய நான்கு சுற்றுத் தாவல் அந்த ஆட்டத்தில் இல்லை.

கேள்வி (டொரோன்டோ வாசகி): என் மகளுக்குப் பதினோரு வயது. நான்கு ஆண்டுகளாக ஃபிகர் ஸ்கேட்டிங் கற்கிறாள். உயரம் வேகமாகக் கூடுவதால் தாவல்கள் தவறுகின்றன. எடையைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சியாளர் மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலேயே பேசினார். இரவில் அவள் சோற்றை ஒதுக்கிவிடுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் பயிற்சியாளரிடம் தனியே பேசுங்கள். எடை பற்றி மகளிடம் இனி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம், உணவு குறித்து எதுவானாலும் தங்களிடமும் மருத்துவரிடமும் மட்டுமே பேச வேண்டும் என்று தயங்காமல் கூறுங்கள். அதை அவர் ஏற்கவில்லையென்றால் பயிற்சிக் கூடத்தை மாற்றுங்கள். போட்டிப் பருவத்தின் நடுவே மாற்றினால் போட்டி போய்விடுமே என்ற அச்சம் வரும். பதினோரு வயதில் தவறும் போட்டிகளை ஈடுகட்டிக்கொள்ளலாம்.

இரவில் சோற்றை ஒதுக்குவதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். உழைக்கும் அளவுக்கு உண்ணாத விளையாட்டு வீரர்களின் உடலில் நேரும் சீர்கேடுகளைப் பற்றி, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் மருத்துவ வல்லுநர்களின் கூட்டறிக்கையையே வெளியிட்டது. மாதவிடாய் தாமதமாவது அல்லது நின்றுபோவது, எலும்பில் மயிரிழை முறிவு, ஆறாத காயம், ஓயாத சோர்வு, எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். எலும்பு வாழ்நாளுக்குத் தேவையான உறுதியைச் சேமிக்கும் காலம் இதுதான். ஒவ்வொரு தாவலின் இறக்கத்திலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை ஒரே கால் தாங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதங்களில் தாவல் எண்ணிக்கையைக் குறைத்து, விளிம்புப் பயிற்சி, சுழற்சி, நடனம், தரைப் பயிற்சி ஆகியவற்றுக்கு நேரத்தைக் கொடுப்பது பல நல்ல பயிற்சியாளர்களின் வழக்கம். கைகால் நீளம் மாறும்போது தாவும் கணக்கும் மாறுவதால்தான் தவறுகிறது, அவள் தவறு எதுவுமில்லை என்பதை மகளுக்கு நேராகவே சொல்லுங்கள். காலணி இறுகிவிட்டதா என்றும் பாருங்கள். வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் ஸ்கேட் காலணி கணுக்காலைப் பிடிக்கும்.

இந்த வாரமே குடும்ப மருத்துவரைப் பார்த்து, அவளுடைய உயரமும் எடையும் கடந்த சில ஆண்டுகளில் எப்படி வளர்ந்து வந்துள்ளன என்பதைக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டு வீரர்களுக்கு ஆலோசனை வழங்கும் உணவியல் நிபுணரிடம் பரிந்துரைக்கும்படியும், உண்ணுதல் சார்ந்த நோய்களுக்கான மதிப்பீடு தேவையா என்றும் கேளுங்கள். மருத்துவர் உங்களோடு பேசிய பின், சில நிமிடம் மகளோடு தனியாகவும் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.